சோதனை ஓட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று அதிகாரம் வந்து சேர்ந்தது. சாதாரணத் தபாலில். கையெழுத்துப் போட்டு வாங்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதம் முதல் உள்ளூர் பஸ் எங்கே ஓட வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தலைநகரம் தீர்மானிக்காதாம். எங்கள் நகரசபையே தீர்மானித்துக்கொள்ளலாம். ‘தேய்ந்துவரும் ஊர்களுக்குப் புத்துயிர்’ என்று மேலே தடித்த எழுத்தில் தலைப்பு. தேய்ந்துவரும் ஊர் என்று போட்டவர்கள், தேய்த்தது யார் என்று போடவில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு “பார்ப்போம்” என்றார். எதற்கும் அவர் அதைத்தான் சொல்வார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘பார்ப்போம் சார்’தான். இதுவரை எதையும் பார்த்ததில்லை.

நான் இங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருஷம். கீழே இருந்து வரும் மனுவை மேலே அனுப்புவேன். மேலே இருந்து பதில் வரவில்லை என்பதைக் கீழே சொல்வேன். மாடிப்படிக்குச் சம்பளம் கொடுத்தால் எப்படியோ அப்படி ஒரு வேலை. இனி என்ன செய்யப்போகிறேன்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். முதுகுதான் வலித்தது.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் எல்லைக்குள் ஓடுவது இரண்டே பஸ். ஒன்று ரயில் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய் வருகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று நூல் மில்லுக்குப் போகிறது. காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. மில்லை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது.

மூடிய செய்தி தலைநகரத்துக்கு எட்டவே இல்லை. அல்லது எட்டி, ஏதோ ஒரு மேசையில் படுத்துத் தூங்குகிறது. வருஷா வருஷம் கால அட்டவணை அங்கே அச்சாகி வரும். அதன்படி பஸ் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். உள்ளே ஒரே பயணி, மில் காவல்காரர். “என் சொந்த வண்டி மாதிரிம்மா” என்று பெருமைப்படுகிறார். சில நாள் இறங்காமலே ஒரு சுற்று வருகிறாராம், காற்றுக்கு.

அதே ஊரில், கல்குவாரி ஓடிய காலத்தில் கட்டிய முந்நூறு வீடு மேட்டில் இருக்கிறது. அங்கே பஸ்ஸே கிடையாது. இதைப் பற்றி மேலே எழுதிய கடிதங்களின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். தலையணை கனம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், ‘பரிசீலனையில் உள்ளது.’ மேட்டு ஜனங்கள் பரிசீலனையில் ஏறியா வேலைக்குப் போவார்கள்?

எங்கள் சித்தி அங்கேதான் இருக்கிறாள். அம்மாவின் தங்கை. என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவள், வாயில் மட்டும் எண்பது வயது மூத்தவள். ஊரின் மறுகோடியில் புதிதாக வந்திருக்கும் விளக்குத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். இப்போது சோதனைக் காலம். ஏழு மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். மேட்டிலிருந்து நடந்து வந்து ஏழுக்குள் நுழைவது என்பது தினமும் ஒரு பந்தயம். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றுவிட்டாள். இன்னொரு தடவை தோற்றால் வேலை போய்விடும்.

வேலை போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தலைநகரம் போக வேண்டியதுதான். சித்தப்பா அங்கே ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறார், நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார். “வந்துடு, வந்துடு” என்று போனில் ஒரே பல்லவி.

“அங்க போயி என்ன செய்யறது? சுவத்தோட மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காரவா? நான் என்ன, அவர் மறந்து வெச்சுட்டுப் போன குடையா, வந்து எடுத்துட்டுப் போக?” என்கிறாள் சித்தி.

மில் பஸ்ஸை மேட்டுக்குத் திருப்பினால் முடிந்தது. அவ்வளவு சின்ன விஷயம்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா காலையிலிருந்து என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். எதற்கோ அடிபோடுகிறார்.

மார்ச் 14, சனி

தெரிந்துவிட்டது.

தலைநகரத்துக்காரனைத் திட்டாமல் அப்பாவுக்குக் காலைத் தேநீர் இறங்காது. “நம்ம தெருவ அவன் பாத்திருக்கானா? நம்ம சாக்கடையில விழுந்திருக்கானா?” என்று தொடங்கி, டம்ளர் காலியாகும்போது தேசத்தையே கழுவி ஊற்றியிருப்பார். நான் கோபக்காரியாக வளர்ந்தது அந்தத் தேநீரில்தான். இன்று திட்டவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அந்த மில் பஸ் இருக்கு பாரு... அதக் கடைத்தெரு பின்வரிசையில சுத்தி வர வெச்சா என்ன? நம்ம கடை வாசல்ல ஒரு ஸ்டாப்.”

நம் கடை என்பது செருப்புக் கடை.

“மேட்டுக்கு விடணும்னு இருக்கோம்ப்பா.”

“மேட்டுக்கு எதுக்கு? காலங்காலமா நடக்கறவங்க. நல்ல காத்து, நல்ல நடை.”

“அவங்க நடந்தா செருப்பு தேயும். அதானே?”

“தேஞ்சா வாங்கத்தானே செய்யணும்? நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? அவங்க நடந்தாத்தான் நம்ம கடை நடக்கும்.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நடக்கறவங்கள்ல என் தங்கச்சியும் ஒருத்தி. நாளையிலேர்ந்து நீங்க மேட்டுல போய்ப் படுத்துக்குங்க. அங்கேர்ந்து கடைக்கு நடந்து போங்க. நல்ல காத்து.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தேநீர் பாதி அப்படியே இருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அதிகாரம் ஊருக்கு வந்து பதினைந்து நாள் ஆகவில்லை, அதற்குள் முதல் சிபாரிசு என் வீட்டிலிருந்தே வருகிறது.

மார்ச் 19, வியாழன்

பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரிகள் சங்கத்துக்கு மருந்துக்கடைக்காரர்தான் செயலாளர். எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“மேட்டுக்கு பஸ் விட்டா நம்ம வரிப்பணம் எல்லாம் மலை ஏறிடும். வியாபாரம் இருக்கற இடத்துக்குத்தான் பஸ் போகணும்.”

ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்த சித்தி கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

“ஏங்க, நாங்க ஏறி எறங்கி மூட்டுவலி மாத்திரை வாங்கறது நின்னுடுமேன்னு கவலையா?”

மண்டபம் சிரித்தது. மருந்துக்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார், பாதியில் சுதாரித்துக்கொண்டார்.

“எங்க மாமாவும் சங்கத்துலதான் இருக்கார். மாமா, நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள் சித்தி, அப்பாவைப் பார்த்து. அப்பா குனிந்து தன் செருப்பின் வாரைப் பரிசோதித்தார். நல்ல வார். அவர் கடையில் எடுத்தது.

கடைசியில் மில் காவல்காரர் கை தூக்கினார். “மேட்டுக்கே விடுங்க, வேண்டாங்கல. ஆனா... மில் மறுபடி தொறந்தா, அப்ப பஸ் வருமில்ல?”

யாரும் சிரிக்கவில்லை. ‘பார்ப்போம் சார்’தான் “பார்ப்போம்” என்றார். அவர் அந்த வார்த்தையைச் சொல்லி எனக்குக் கோபம் வராதது இதுதான் முதல் தடவை.

மார்ச் 27, வெள்ளி

தீர்மானம் நிறைவேறியது! இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. தலைவியின் ஓட்டில் ஜெயித்தோம். எங்கள் நகரசபைத் தலைவி முன்பு உடற்பயிற்சி ஆசிரியை. பேசினாலே விசில் அடிக்கிற மாதிரி இருக்கும். “மேட்டுக்கு!” என்று ஒரே வார்த்தை. ஓட்டு எண்ணியவர் நாற்காலியில் துள்ளிவிட்டார்.

காலை ஆறு பத்துக்கு மேட்டிலிருந்து கிளம்பும். ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலை வாசல். சித்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“எப்பலேர்ந்து?”

“சீக்கிரம்.”

“சீக்கிரம்னா? திங்கக்கிழமையா, அடுத்த ஜென்மமா?”

திங்கள் என்றுதான் நினைத்தேன். டிரைவர் இருக்கிறார், வண்டி இருக்கிறது, சாலை இருக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

சாலை இருக்கிறது, வண்டி இருக்கிறது, டிரைவர் இருக்கிறார். கொடியசைக்க ஆள் இல்லை.

இந்த ஊரில் எது புதிதாகத் தொடங்கினாலும் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து தொடங்கிவைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயை ஒருவர் வந்து திறந்தார். பொதுக் கழிப்பறைக்குக்கூட ஒருவர் வந்து நாடா வெட்டினார் (உபயோகித்துக் காட்டவில்லை). அப்படி இருக்கும்போது பஸ் மட்டும் தானாகக் கிளம்புமா?

“போக்குவரத்து இயக்குநர் வந்து கொடியசைக்காம பஸ் எப்படிம்மா கிளம்பும்?” என்கிறார் பார்ப்போம் சார்.

“டீசல் ஊத்தினா கிளம்பும் சார்.”

“இளரத்தம். அப்படித்தான் பேசும்.”

இயக்குநருக்கு அழைப்பு போயிருக்கிறது. தேதி வரும்வரை பஸ் வழக்கம்போல மில்லுக்கே போகும். காவல்காரருக்கே சங்கடம். “நான் வேணா நடந்து போறேம்மா, மேட்டுக்கு விட்டுடுங்க” என்கிறார்.

ஏப்ரல் 9, வியாழன்

பதில் வராததால் தலைநகரத்துக்கு போன் செய்தேன். வெகுநேரம் அடித்தபிறகு ஒரு குரல் எடுத்தது.

“போக்குவரத்து இயக்குநர் அலுவலகமா?”

“ஆமா... ஆமா மாதிரிதான்.”

“இயக்குநர் இருக்காரா?”

“நான் நாற்காலி ஏத்தற ஆளும்மா. இங்க யாரும் இல்ல. உள்ளூர் பஸ் எல்லாம் உங்க கைக்கு வந்துடுச்சாமே, அதனால இந்தப் பிரிவையே கலைச்சுட்டாங்க. நாற்காலி எல்லாம் வேற எடத்துக்குப் போகுது. உனக்கு எத்தன நாற்காலி வேணும்?”

சிரிப்பதா, அழுவதா? நாங்கள் கைகட்டிக் காத்திருக்கிற மனிதர் பூமியிலேயே கிடையாது. அவருடைய நாற்காலி லாரியில் போய்க்கொண்டிருக்கிறது.

பார்ப்போம் சாரிடம் சொன்னேன். யோசித்தார். “அப்ப... அவருக்கும் மேல இருக்கறவர அழைக்கலாமா?”

தலைவியிடம் போனேன். அவராவது விசில் அடிப்பார் என்று நம்பி. கதவைச் சாத்திவிட்டு, விசில் இல்லாத குரலில் பேசினார். “நாமளே ஆரம்பிச்சு, நாளைக்கு ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா யார் தலை உருளும்? என் தலைம்மா. மேலேர்ந்து ஒருத்தர் வந்து கை வெச்சுட்டா பழி அங்க போயிடும்.”

அதிகாரம் வந்துவிட்டது. முதுகெலும்பு தனிப் பார்சலில் வரும்போலிருக்கிறது. இவ்வளவு வருஷமாக மேலே இருக்கிறவன்தான் நம்மை அமுக்குகிறான் என்று நினைத்தேன். அவன் கையை எடுத்த பிறகும் நாங்கள் குனிந்தே நிற்கிறோம். சுகமாக இருக்கிறது போல. திட்ட ஓர் ஆள், சாய ஒரு சுவர்.

என்ன ஜென்மங்கடா நாம!

ஏப்ரல் 15, புதன்

சித்தி இன்று நூலிழையில் தப்பினாள். கேட் பாதி மூடியிருக்கும்போது உள்ளே நுழைந்தாளாம். காவலாளி “இதான் கடைசி. இனிமே என்னால முடியாது” என்று சொல்லிவிட்டான். காலில் கொப்புளம், நொண்டுகிறாள்.

சாயங்காலம் ஒரு நிலைக்கண்ணாடியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்குக் கொடுக்க.

“அங்க ஒரே அறையில இத எங்க மாட்டறது? நீ வெச்சுக்கக்கா. மாசக் கடைசியில வந்துடறேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். வேலையிலேர்ந்து அவங்களா கழுத்தப் புடிச்சுத் தள்றதுக்கு முன்னாடி நானே போயிடறேன்.”

அம்மா கண்ணாடியைத் தொடவில்லை. “நான் வாங்கிக்கிட்டா நீ போயிடுவ. வாங்க மாட்டேன். எடுத்துட்டுப் போ.”

“இத்தன தூரம் தூக்கிட்டு வந்தேன்க்கா, மறுபடி மேடேத்தச் சொல்றியா?”

“ஆமா.”

இரண்டு பேரும் கண்ணாடியை நடுவில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்ணாடிக்குள் நாங்கள் நாலு பேரும் தெரிந்தோம். அப்பா உள்ளே போய், களிம்பை எடுத்து வந்து சித்தியின் காலடியில் வைத்தார்.

நான் சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. தீர்மானத்தைத் தட்டச்சு செய்த பெருமை எனக்கு. மூன்று வாரமாக அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு சக்கரத்தைக்கூட உருட்ட முடியவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

கிடைத்துவிட்டது, வழி!

மில் பஸ்ஸுக்கு பிரேக் மாற்றியிருக்கிறார்கள். மாற்றினால் ஓட்டிப் பார்க்க வேண்டும். டிரைவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பார்ப்போம் சார் பேனாவை எடுத்து, பேச்சை நிறுத்தாமல், கையெழுத்துப் போட்டார். ‘பார்ப்போம்’ என்று சொல்லவே இல்லை! நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

“சார், இது என்ன?”

“சோதனை ஓட்டம்.”

“இதுக்கு யாரும் கொடியசைக்க வேண்டாமா?”

“சோதனைக்கு எதுக்கும்மா கொடி? இது ஆரம்பமே இல்லியே.”

டிரைவரை வாசலில் பிடித்தேன். எங்கே ஓட்டிப் பார்ப்பீர்கள் என்றேன். எங்கே வேண்டுமானாலும் என்றார். ஏற்றத்தில் பார்த்தால்தான் பிரேக் தெரியும், இல்லையா? ஆமாம், மேடுதான் தோதான இடம் என்றார். எத்தனை மணிக்கு? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கும் மேட்டில் ஒரு மைத்துனன் இருக்கிறான்.

“காலங்காத்தால பனியில பிரேக் எப்படி நிக்குதுன்னு பாக்கணும்மா. ஆறு பத்துக்கு” என்றார்.

“ஆள் பாரம் ஏத்திப் பாக்க வேண்டாமா?”

“ஏத்தாம? கட்டாயம் ஏத்தணும்.”

ஒரு நாள் சோதனை போதுமா? போதாது. பிரேக் விஷயம். உயிர் விஷயம். தினமும் பார்ப்போம்.

பார்ப்போம் சாரிடம் விளக்கினேன். ‘மேட்டுத் தடத்தில் சோதனை ஓட்டம், மறு உத்தரவு வரை.’ வெகுநேரம் முகவாயைத் தடவினார். “அப்ப நாம எதையும் தொடங்கலை?”

“தொடங்கவே இல்லை சார்.”

“சரி, போகட்டும்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

முதல் நாள். டிப்போவிலிருந்தே நானும் ஏறிக்கொண்டேன். பஸ் கண்ணாடியில் ‘சோதனை ஓட்டம்’ என்று அட்டை, என் கையெழுத்தில். ‘ட்’ கொஞ்சம் நெளிந்துவிட்டது.

மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றார்கள். பஸ்ஸைப் பார்த்ததும் யாரும் கை தட்டவில்லை. உள்ளே இடம் பிடிக்க முண்டியடித்தார்கள். அதுதான் சரியான வரவேற்பு. சித்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“கொடியாட்ட யாரும் வரலியா?”

“வரலை.”

“நல்லவேளை. வந்திருந்தா பேசியே ஏழு மணி ஆக்கியிருப்பாங்க.”

தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது கேட் விரியத் திறந்திருந்தது. எல்லோரும் உள்ளே போனார்கள். சித்தி போகவில்லை. எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“போ சித்தி, உள்ள.”

“இருடீ. சும்மா உக்காந்து பாக்கறேன். இந்தக் கேட்ட இப்படித் தொறந்த மேனிக்கு நான் பாத்ததே இல்ல.”

பதினைந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி.

மே 4, திங்கள்

நிலைக்கண்ணாடி மேட்டுக்குத் திரும்பியது. பஸ்ஸில். சித்தி அதற்கும் ஒரு இருக்கை பிடித்திருந்தாள்.

பார்ப்போம் சார் கேட்டார். “சோதனை எப்பம்மா முடியும்?”

“பார்ப்போம் சார்” என்றேன்.

சிரித்துவிட்டார். அவருக்குப் பல் இருக்கிறது என்பதே இன்றுதான் தெரியும்.

ஆனால் எனக்கு உள்ளே எரிகிறது. நமக்குக் கொடுத்த அதிகாரத்தை நாமே திருட்டுத்தனமாக உபயோகிக்க வேண்டியிருக்கிறது. சொந்த வீட்டுக்குள் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்த மாதிரி.

மே 12, செவ்வாய்

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். என் வயதுதான் இருக்கும், வெல்டர். மேட்டுக்கு விட்ட பஸ் எங்களுக்கு ஏன் இல்லை என்றான். இருப்பது இரண்டு பஸ்தான், பாலம் குறுகல், பரிசீலிக்கிறோம் என்றேன். ஆமாம், ‘பரிசீலிக்கிறோம்’ என்றேன். என் வாயாலேயே.

கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான். “நீங்க எங்க தெருவப் பாத்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. பிறந்ததிலிருந்து இதே ஊர். பாலத்தைத் தாண்டியதில்லை.

சனிக்கிழமை போகிறேன். வெல்டரே கூட்டிப்போகிறேன் என்றான். “நல்ல செருப்பாப் போட்டுட்டு வாங்க” என்றும் சொன்னான். அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

மே 18, திங்கள்

போய் வந்தேன். செருப்பு பிய்ந்தது. பாலம் பஸ்ஸைத் தாங்கும். மதியத்தில் ரயில் நிலைய பஸ் ஒரு மணி நேரம் சும்மாதான் நிற்கிறது. அந்த நேரத்துக்கு ஆற்றைத் தாண்டி ஒரு நடை. சோதனை ஓட்டம்தான். வேறென்ன.

ஜூன் 5, வெள்ளி

சித்திக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஆட்கள் நேரத்துக்கு வருவதால் இரண்டாவது ஷிப்ட் போடப்போகிறார்களாம், சரக்கு ஏற்றவும் ஆள் எடுக்கிறார்களாம். வீட்டில் இன்று சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். ஆனால் சண்டை.

ஸ்டாப் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. சித்தி வீடு ஏற்றத்தின் உச்சியில். வேலை நிரந்தரமான தெம்பில் வந்து கேட்டாள். “ஸ்டாப்ப எங்க வாசலுக்கு மாத்திடுடீ. உன் கையெழுத்துதானே?”

அங்கே பஸ் திரும்ப இடம் இல்லை, பின்னால் எடுத்துத் திருப்பினால் பத்து நிமிஷம் போகும், தொட்டிப் பக்கத்து ஆட்கள் எல்லாம் மேலே ஏறி வர வேண்டும் என்றேன்.

“ஊருக்கெல்லாம் வளைஞ்சு குடுப்ப, சித்திக்கு மட்டும் நிமிந்துக்குவ?”

“சித்திங்கறதாலதான் முடியாதுங்கறேன்.”

“ஓஹோ. நீயும் மேலிடம் ஆயிட்ட. நல்லா இரு.”

கதவைக்கூட அடிக்கவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அடித்திருந்தால் தேவலை.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கடை வாசல்ல ஸ்டாப் கேட்டப்ப எனக்கும் இல்லன்ன. அப்ப கோவம் வந்துச்சு” என்றார். பிறகு, “தொழிற்சாலையில மூடின ஷூதான் போடணுமாம். மேட்டுலேர்ந்து எறங்கி வந்து வாங்கறாங்க” என்றார், சுவரைப் பார்த்து.

ஜூன் 13, சனி

தினமும் காலையில் பஸ் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது. ஜன்னல் இருக்கையில் சித்தி. எங்கள் வீடு வந்ததும் முகம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. எதிர்ப்பக்கம் ஒரு மொட்டைச் சுவர்தான் இருக்கிறது.

ஜூன் 19, வெள்ளி

கண்டக்டர் அலுவலகத்துக்கு வந்தார். “உங்க சித்தி சொல்லச் சொன்னாங்க. இன்னிக்கு பஸ் மூணு நிமிஷம் லேட்டாம்.”

“அவங்களே வந்து சொல்லலாமே?”

“அதையும் கேட்டேன். ‘நான் அவகூடப் பேசறதில்ல, புகார் மட்டும்தான்’னாங்க.”

ஜூன் 28, ஞாயிறு

மேட்டு ஆட்கள் கேட்டு, இன்று முதல் ஞாயிறு மாலையும் ஒரு நடை. எப்படி ஓடுகிறது என்று பார்க்க நான் தண்ணீர்த் தொட்டியில் நின்றிருந்தேன். கொஞ்சம் தள்ளி சித்தியும் நின்றிருந்தாள். யாருக்காகவோ காத்திருந்தாள், எனக்காக இல்லை. நல்ல புடவை. இரண்டு பேரும் தொட்டியையே பார்த்தோம்.

பஸ் வந்தது. சித்தப்பா இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பை, கயிறு போட்டுச் சுருட்டிய ஒரு மெத்தை.

என்னைப் பார்த்துச் சிரித்தார். “சும்மா ஒரு வாரம் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஒரு வாரத்துக்கு யாராவது மெத்தையோடு வருவார்களா? சித்தி பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா ஏற்றத்தை அண்ணாந்து பார்த்தார். மெத்தையைப் பார்த்தார். “வீடு அங்க இருக்கு. ஸ்டாப்ப இங்க வெச்சிருக்கான். எந்த மடையன் வெச்சது?”

சித்தி சட்டென்று நின்றாள். பெட்டியோடு முழுதாகத் திரும்பினாள்.

“மடையன் இல்ல. எங்க அக்கா மக. மேல கொண்டுபோய்த் திருப்பினா பத்து நிமிஷம் போயிடும், அப்புறம் ஆறே முக்காலுக்கு கேட்டுல நிக்க முடியாது. தொட்டிகிட்ட இருக்கறவங்க எல்லாம் மேல ஏறி வரணும். ஒண்ணும் தெரியாம வந்து எறங்கினதும் வாயத் தொறக்காதீங்க. புடிங்க மெத்தய.”

சித்தப்பா ஒரு முனையைப் பிடித்தார். மறு முனை மண்ணில் இழுபட்டது.

சித்தி என்னைப் பார்க்காமலே சொன்னாள். “வேடிக்க பாக்கறா பாரு. அந்தப் பக்கம் புடிடீ.”

பிடித்தேன். பஞ்சு மெத்தை, நல்ல கனம்.

பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றோம். சித்தப்பா கீழே திரும்பிப் போகும் பஸ்ஸைப் பார்த்துக் கேட்டார். “அது என்ன, சோதனை ஓட்டம்னு போட்டிருக்கு?”

“பேசாம நடங்க” என்றாள் சித்தி.